கிறிஸ்டியன் மெட்டல்: எந்த பேண்டு, எந்த வகை, டிராப் சி-யில எப்படி வாசிக்கறது?

மொரப்பூர் மியூட் கேட்டது:

தர்மபுரி பக்கம் ஒரு கோயில் இளைஞர் குழுங்க. கிட்டார் ரெண்டு, பேஸ், டிரம்ஸ், கீபோர்டு. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வர்ற இளைஞர் இரவுல ஒரு பாட்டாவது கனமா வாசிக்கணும்னு பேச்சு ஓடுது. பாட்டைத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடியே சண்டை.

கீபோர்டுக்காரர் கிறிஸ்டியன் மெட்டல்ங்கறதே ஒரு தனி வகைங்கறார். டிரம்மர், அப்படி ஒரு வகையே கிடையாது, த்ராஷ், டெத், டூம் இதுங்கதான் வகைங்கறார். ஸ்கில்லெட் மெட்டலா இல்லையான்னு ஒரு கட்சி. பிளாக் மெட்டல் வாசிச்சு இயேசுவைப் பாடினா அது பிளாக் மெட்டலான்னு இன்னொரு கட்சி.

விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எந்த பேண்டு, எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கலாம்? கேட்டவுடனே வகையை எப்படிப் பிரிச்சுச் சொல்றது? அப்புறம், கிட்டார்ல 10-46 தடிமன் கம்பிதான் இருக்கு. டிராப் சி-க்கு (வழக்கமான சுருதியைவிடக் கீழ) இறக்கினா தொளதொளன்னு ஆகி ஃப்ரெட்டுல அடிக்குது. ஹால் தகரக் கூரை. சவுண்டு சர்வீஸ்ல ரெண்டு டாப் ஸ்பீக்கரும் ஒரு மிக்சரும் வரும், அவ்வளவுதான்.


ஓசூர் ஓவர்டிரைவ்:

உங்க டிரம்மர் சொல்றது முக்கால்வாசி சரி. கிறிஸ்டியன் மெட்டல்ங்கறது வரிகளுக்கு வெச்ச பேரு. சத்தத்தைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது. ஸ்ட்ரைப்பரையும் மார்ட்டிஃபிகேஷனையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க. ஒண்ணு கிளாம், இன்னொண்ணு டெத். ரெண்டுலயும் பொதுவா இருக்கறது பைபிள் மட்டும்தான்.

இந்தப் பேரே கொஞ்சம் வியாபாரத்துல வந்ததுதான். சிகாகோ பேண்டு ட்ரபிள் 1984-ல முதல் ஆல்பம் போட்டப்போ, மெட்டல் பிளேடு கம்பெனி அதை ஒயிட் மெட்டல்னு சொல்லி வித்துச்சு. கேட்டா அது அப்பட்டமான டூம். அந்த ஆல்பத்தை இப்போ சாம் 9-னு சொல்றாங்க.

வகையைக் கண்டுபிடிக்க வரிகளை விட்டுட்டு இந்த வரிசையில கேளுங்க: முதல்ல ஸ்னேர் (டப்னு கேட்கற சின்ன டிரம்) எங்க விழுது, அடுத்து கிட்டார்காரரோட வலது கை, மூணாவது குரல்.

த்ராஷ்னா ஸ்னேரும் கிக்கும் (கால்ல மிதிக்கற பெரிய டிரம்) ஒண்ணுக்கொண்ணு மாறி ஓடற டுப்-டப் டுப்-டப் அடி, 160-லிருந்து 220 பிபிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை அடி). கிட்டார் பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால கம்பியை அமுக்கி வாசிக்கறது), பெரும்பாலும் கீழ்நோக்கின பிக்கிங். குரல் கத்தும், ஆனா வார்த்தை புரியும். வெஞ்ஜன்ஸ் ரைசிங்கோட ஹியூமன் சாக்ரிஃபைஸ் (1988), டெலிவரன்ஸோட வெப்பன்ஸ் ஆஃப் அவர் வார்ஃபேர் (1990), டர்னிகெட்டோட சைக்கோ சர்ஜரி (1991) கேளுங்க. டர்னிகெட்டை நிதானமா கேட்கணும். டெட் கிர்க்பாட்ரிக்கோட டிரம்ஸ் ஒரே தாளத்துல நாலு பார் தங்காது, வரிகள்ல மருத்துவப் பாடமும் மிருகவதை எதிர்ப்பும் வரும். பிலீவரோட சானிட்டி அப்ஸ்க்யூர் (1990) த்ராஷ்தான், ஆனா நடுவுல வயலினும் சொப்ரானோ குரலும் வர்ற ஒரு பாட்டு இருக்கு. உங்க கீபோர்டுக்காரருக்கு அதைப் போட்டுக் காட்டுங்க.

டெத்னா ட்யூனிங் கீழ போகும், பிளாஸ்ட் பீட் (ஸ்னேரும் கிக்கும் அதிவேகமா இடைவிடாம அடிக்கறது) வரும், குரல் உறுமல். மெல்போர்ன் மார்ட்டிஃபிகேஷனோட ஸ்க்ரோல்ஸ் ஆஃப் தி மெகில்லோத் (1992) இதுல முக்கியம். நார்வே எக்ஸ்டோலோட அன்டிசீவ்டு (2000) டெத்தோட முற்போக்கு ராக்கும் கலந்தது. என் கணக்குல இந்த மொத்தப் பட்டியல்லயே சிறந்த ஆல்பம் அதுதான்.

பவர் மெட்டல்ல டபுள் கிக் நிக்காம உருளும், ஸ்னேர் மட்டும் ரெண்டிலயும் நாலிலயும் அமைதியா விழும், குரல் உச்சத்துல சுத்தமா இருக்கும். அமெரிக்காவோட தியாக்ரசி, ஸ்வீடனோட நார்னியா. கோயில் பாட்டுக் காதுக்கு இதுதான் சுலபமா ஏறும்.

மெட்டல்கோர்ல தாளம் திடீர்னு பாதியா இறங்கி, கிக்கும் கிட்டாரும் ஒரே புள்ளியில சேர்ந்து இடிக்கும். அதுதான் பிரேக்டவுன். ஸேஓ, ஆகஸ்ட் பர்ன்ஸ் ரெட்டோட மெஸஞ்சர்ஸ் (2007), அண்டர்ஓத்தோட டிஃபைன் தி கிரேட் லைன் (2006). அந்த அண்டர்ஓத் ஆல்பம் பில்போர்டு 200-ல ரெண்டாவது இடத்துல இறங்குச்சு. மெட்டல்கோரா மெலோடிக் டெத்தானு குழப்பம் வந்தா, பாட்டுலருந்து பிரேக்டவுனை மனசுக்குள்ள வெட்டிப் பாருங்க. அது இல்லாமலும் பாட்டு தாங்கி நின்னா மெலோடிக் டெத். சாய்ஞ்சா மெட்டல்கோர்.

சண்டையைத் தீர்க்க ஒரே பேண்டு போதும்: அர்கன்சாவோட லிவிங் சாக்ரிஃபைஸ். 1991 முதல் ஆல்பம் த்ராஷ். 1992-ல நான்எக்ஸிஸ்டென்ட் டெத். 1997-ல ரீபார்ன் வந்தப்போ பாடகர் மாறி, புரூஸ் ஃபிட்ஸ்ஹ்யூ குரல் எடுத்து, மெட்டல்கோர் பக்கம் வந்துட்டாங்க. விசுவாசம் மாறல, வகை ரெண்டு தடவை மாறுச்சு. தலைகீழாவும் நடக்கும். அண்டர்ஓத் இப்போ தங்களைக் கிறிஸ்தவ பேண்டுன்னு சொல்லிக்கறதில்ல. அதுக்காக 2006 ஆல்பம் வேற வகையா ஆயிடுமா?

ஸ்கில்லெட்: ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு) பாட்டை நடத்துதா, கோரஸுக்குத் துணையா பின்னாடி நிக்குதான்னு பாருங்க. பெரும்பாலான பாட்டுல சிந்தும் வயலினும் கோரஸும்தான் நடத்துது. ஹார்டு ராக். நல்ல ஹார்டு ராக்.


பர்கூர் பிளாஸ்ட்:

ஓவர்டிரைவ் அண்ணா, மத்த எல்லாத்துலயும் உங்களோட ஒத்துப்போறேன். பிளாக் மெட்டலை மட்டும் சத்தத்தை வெச்சு முடிவு பண்ண முடியாது. த்ராஷுக்குக் கொள்கை கிடையாது. போரைப் பாடலாம், பைபிளைப் பாடலாம். நார்வேயில 90-கள்ல அந்த இசையை உண்டாக்கினவங்க கிறிஸ்தவத்துக்கு எதிரா நிக்கறதையே அதோட முதுகெலும்பா வெச்சாங்க. சர்ச்சுகளையே எரிச்சாங்க. அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது அதே தொழில்நுட்பம், அவ்வளவுதான்.

அதனாலதான் ஹோர்டு தன் ஆல்பத்துக்கு ஹெல்லிக் உஸ்வார்ட்னு, அதாவது புனிதமான அன்பிளாக்னு, பேரு வெச்சார். 1994, நியூக்ளியர் பிளாஸ்ட் வெளியீடு. முழுக்க ஒரே ஆள்: மார்ட்டிஃபிகேஷன்ல டிரம்ஸ் வாசிச்ச ஜேசன் ஷெர்லாக். அட்டையில பேரு போடாம அனானிமஸ்னு மட்டும் இருந்துச்சு. வாசிச்சது யாருன்னு சொல்லச் சொல்லி கம்பெனிக்கு மிரட்டல் வந்துச்சு. அவரே தன் இசையை அன்பிளாக்னு வேறயா பிரிச்சு வெச்சப்போ, நாம எதுக்கு இழுத்துட்டு வந்து உள்ள சேர்க்கணும்?


ஓசூர் ஓவர்டிரைவ்:

தம்பி, அந்த வாதத்தை அப்படியே ஏத்துக்கிட்டா த்ராஷ் பேண்டு ஸ்லேயரை என்ன பண்றது? பாடறது சாத்தான், பாடற டாம் அராயா கத்தோலிக்கர். மெகாடெத் டேவ் மஸ்டெய்ன் கிறிஸ்தவரா மாறி 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, மெகாடெத்தை யாரும் கிறிஸ்டியன் மெட்டல்னு சொல்றதில்ல. ஆளோட நம்பிக்கை, பாட்டோட வரி, சத்தம் மூணும் மூணு தனிப் பெட்டி.

காதுக்கு வருவோம். முழு கார்டை ட்ரெமோலோ பிக்கிங்ல (வேகமா மேலும் கீழுமா அடிச்சு) தொடர்ந்து இழுக்கறது, மேல் அலைவரிசை தூக்கலா, பேஸ் கிட்டத்தட்ட காணாம, கீச்சுக் குரல், எதிரொலி. ஹெல்லிக் உஸ்வார்ட்ல இது எல்லாமே இருக்கு. ஆன்டெஸ்டரோட தி ஃபர்சேக்கன் (2005)-ல டிரம்ஸ் வாசிச்சது மேஹெம் பேண்டோட ஹெல்ஹாமர். பிளாக் மெட்டல் டிரம்ஸுக்கே இலக்கணம் வகுத்தவங்கள்ல ஒருத்தர். அவர் வாசிச்சதை வரியைப் பாத்து மாத்திச் சொல்லணுமா?


பர்கூர் பிளாஸ்ட்:

ஹெல்ஹாமர் கூலிக்கு வாசிச்சார், கொள்கைக்கு இல்ல. இதுல நான் இறங்கி வரமாட்டேன் அண்ணா. ஆனா ஆல்பம் நல்லா இருக்கு, அதுல சண்டை இல்ல. மியூட், நீங்க ஆன்டெஸ்டரோட தி ரிட்டர்ன் ஆஃப் தி பிளாக் டெத் (1998)-ஐ முதல்ல கேளுங்க. ஹோர்டு பதிவு ரொம்பக் கரகரப்பு, புதுசா கேட்கறவங்க ரெண்டாவது பாட்டுலயே நிறுத்திடுவாங்க.


எலத்தகிரி ஆல்ட்டோ:

வகைச் சண்டை நடக்கட்டும். மேடையில அடி வாங்கறது வேற இடத்துல. மியூட் தம்பி, வரிசையா சொல்றேன்.

டிராப் சி என்பது தடித்த கம்பியிலிருந்து சி, ஜி, சி, எஃப், ஏ, டி. அதாவது எல்லாக் கம்பியையும் ஒரு முழு சுரம் (ரெண்டு ஃப்ரெட் அளவு) இறக்கி, ஆறாவதை மட்டும் இன்னொரு முழு சுரம் இறக்குவது. 10-46 செட்டின் 46 கம்பிக்கு அங்கே இழுவிசையே இருக்காது. அழுத்தி அடித்தால் சுருதி முதலில் மேலே ஏறிப் பிறகு இறங்கும். ரெண்டு கிட்டாரும் சேர்ந்தால் அழுகல். 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) கிட்டாருக்கு 11-54 செட் போடுங்கள். தடித்த கம்பி நட்டின் (கழுத்து முனையில் கம்பியைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் உட்காராமல் மேலே நிற்கும், அல்லது சிக்கிக்கொண்டு ட்யூன் பண்ணும்போது டிக் டிக் என்று தாவும். பள்ளத்தை அகலப்படுத்துங்கள், ஆழப்படுத்தாதீர்கள். ஆழமானால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் அடிக்கும், அப்புறம் நட்டையே மாற்ற வேண்டியதுதான். கம்பியை நிகழ்ச்சிக்கு ரெண்டு மூன்று நாள் முன்பே மாற்றி, இழுத்து இழுத்து ட்யூன் பண்ணி வையுங்கள்.

பேஸ்காரரை மறந்துவிடாதீர்கள். கிட்டார் சி-யில் நிற்கும்போது நாலு கம்பி பேஸ் ஈ-யில் நின்றால், அடிச்சுரத்தை அவர் மேல் ஆக்டேவில்தான் வாசிக்க முடியும். கிட்டாருக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. ஐந்து கம்பி பேஸ் கிடைத்தால் ட்யூனிங்கைத் தொடவே வேண்டாம், பி கம்பியின் முதல் ஃப்ரெட்தான் சி.

இனி ஹால். தகரக் கூரைக்குக் கீழே கைதட்டிப் பாருங்கள், சத்தம் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று தெரியும். 200 பிபிஎம்மில் பதினாறாம் பங்கு அடிகளுக்கு நடுவே 75 மில்லி செகண்டுதான் இடைவெளி. போன அடியின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். கேட்பவர்களுக்கு ஒரு தொடர் இரைச்சல் மட்டும்தான். 140-க்கு மேல் போகாத பாட்டாக எடுங்கள். பிரேக்டவுன் உள்ள நடுத்தர வேகப் பாட்டு அந்த ஹாலில் இடிக்கும். பிளாஸ்ட் பீட் கரைந்து போகும்.

டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து நேராக மிக்சருக்கு ஒயர் கொடுக்காதீர்கள். கிட்டார் ஸ்பீக்கர் தானாகவே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிடும். அது இல்லாவிட்டால் தேனடையைக் கலைத்தது போல ஒரு ரீங்காரம்தான் டாப்பில் வரும். மல்டி எஃபெக்ட்ஸ் இருந்தால் கேபினெட் சிமுலேஷனை (கிட்டார் ஸ்பீக்கர் மாதிரி ஒலியை மாற்றுவது) ஆன் பண்ணி, மிக்சரின் லைன் உள்ளீட்டில் கொடுங்கள். ஆம்ப் இருந்தால் ஸ்பீக்கர் கூம்பின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு மைக்.

கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) வீட்டில் வைப்பதில் பாதி வையுங்கள். ரெண்டு கிட்டார் ஒரே ரிஃப்பை வாசிக்கும்போது கெயின் தானாகக் கூடின மாதிரி கேட்கும். மிட்டை (நடு அலைவரிசையை) பூஜ்யத்துக்கு இறக்குவதுதான் எல்லாரும் செய்கிற வேலை. அறையில் தனியாகக் கேட்க அது பிரமாதமாக இருக்கும், மேடையில் சிம்பலுக்கும் பேஸுக்கும் நடுவே கிட்டாரே காணாமல் போகும். மிட் பாதிக்கு மேலேயே இருக்கட்டும். மிக்சரில் கிட்டார் சேனலுக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டு, 250 முதல் 400-க்குள் கொஞ்சம் குறை. அங்கேதான் தகரக் கூரை முனகும்.

உறுமல் பாடுபவர் மைக்கின் தலையைக் கையால் பொத்தக்கூடாது. காணொளிகளில் பார்த்துவிட்டு எல்லாரும் அதையே செய்கிறார்கள். பொத்தினால் மைக் முன்பக்கம் மட்டும் கேட்பதை விட்டு எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், டாப் உடனே ஊளையிடும்.

கடைசியாக எர்த். கிட்டார் ஆம்ப் ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறு லைனிலும் இருந்தால் ஹம் வரும் என்பது சின்னப் பிரச்சினை. ஒன்றில் எர்த் இல்லையென்றால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் பட்டால் ஷாக் அடிக்கும். உயிருக்கே ஆபத்து. வாசிப்பதற்கு முன்பு மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை கிட்டார் கம்பியிலும் இன்னொன்றை மைக் வலையிலும் தொடுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஏழெட்டு வோல்ட் காட்டினாலே வாசிக்க வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஹம் போவதற்காக எர்த் பின்னை உடைக்கிற வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும் நொடியில் மல்டி எஃபெக்ட்ஸ் அணைந்து திரும்ப ஏற நேரம் எடுக்கும். அதை மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போடுங்கள்.


தொப்பூர் டூம்:

வேகத்துக்கே போகாம டூம் வாசிங்களேன். 60, 70 பிபிஎம். தகரக் கூரை எதிரொலி பகையாகாம துணைக்கு வரும். ட்ரபிளைத் தவிர, மெல்போர்ன் பாராமீசியத்தோட எக்ஸ்யூம்டு ஆஃப் தி எர்த் (1993) கேளுங்க, டெத்தும் டூமும் சேர்ந்தது. டிரம்ஸ் மேல சொன்ன அதே ஜேசன் ஷெர்லாக். ஆனா மெதுவா வாசிக்கறது சுலபம்னு நினைக்காதீங்க. 60-ல ரெண்டு அடிக்கு நடுவுல ஒரு முழு செகண்டு. எல்லாரும் அந்த இடைவெளியில அவசரப்பட்டு முன்னாடி வந்து விழுவாங்க. டிரம்மர் ஹை-ஹாட்டுல எட்டாம் பங்கை லேசா தட்டிக்கிட்டே இருந்தா கட்டுல நிக்கும்.

தமிழ்ல வரி எழுதறதா இருந்தா சங்கீதம் 150 வேண்டாம், எல்லாரும் அங்கதான் போறாங்க. சங்கீதம் 88 எடுங்க. கடைசி வரி வரைக்கும் இருட்டுலயே முடியற சங்கீதம். உறுமல்ல ஆ, ஓ நெடில்ல முடியற சொல் நல்லா நீளும். ம், ன்-னு முடிஞ்சா வாய் மூடிக்கும், உறுமல் செத்துப்போகும். ழ, ள, ல மூணும் ஒண்ணாயிடும், அதனால முக்கியமான சொல்லை க, ட, ற மேல கட்டுங்க. தொண்டை எரிஞ்சா அன்னைக்கு நிறுத்திடணும். எரிச்சலோட பழகினா குரல் கெடும். ஒழுங்கா வந்தா எரியாது.

பங்குத்தந்தைகிட்ட வரியை அச்சடிச்சு முன்னாடியே கொடுத்துடுங்க. உறுமல்ல ஒரு வார்த்தையும் அவருக்குப் புரியாது, புரியாததைப் பாத்துத்தான் பயம் வரும்.


மொரப்பூர் மியூட்:

அக்கா, அண்ணன்மாருங்க எல்லாருக்கும் நன்றிங்க. நடுத்தர வேகம், பிரேக்டவுன், தமிழ் வரின்னு முடிவாயிடுச்சு. ரெண்டு சந்தேகம் மிச்சம். ஒரு கிட்டார் 24.75 அங்குல ஸ்கேல். இன்னொண்ணுல ஆடற பிரிட்ஜ், பின்னாடி ஸ்பிரிங் இருக்கு. ரெண்டுக்கும் 11-54 போதுமா? கீபோர்டு எந்த சுருதியில வாசிக்கணும்?


எலத்தகிரி ஆல்ட்டோ:

24.75-க்கு 11-54 தொளதொளக்கும், 12-56 போடுங்கள். கை கனமானவர் என்றால் 12-60. இந்தத் தடிமனில் சில செட்டுகளில் மூன்றாவது கம்பி சுற்றின கம்பியாக வரும்; பென்டு போடுபவராக இருந்தால் வெறுங்கம்பி உள்ள செட்டாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தின சுரம், அதே இடத்து ஹார்மோனிக்கைவிடக் கூர்மையாக இருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னால் தள்ள வேண்டும், மந்தமாக இருந்தால் முன்னால். தடித்த கம்பி போட்டால் கட்டாயம் பார்க்க வேண்டிய வேலை இது.

ஆடற பிரிட்ஜுக்கு 11-54 சரி. மாட்டின பிறகு பிரிட்ஜ் உடம்பை நோக்கிச் சாய்ந்தால் பின்பக்க ஸ்பிரிங் பிடியின் ரெண்டு திருகையும் கால் சுற்று தளர்த்துங்கள், மேலே தூக்கினால் இறுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் திரும்ப முழுக்க ட்யூன் பண்ணிவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. லீவரைப் பயன்படுத்தவே போவதில்லை என்றால் பின்குழிக்குள் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிளாக்குக்கு ரெண்டு பக்கமும் மரக்கட்டையை இறுக்கமாகச் செருகி அசையாமல் பண்ணிவிடுங்கள். நிகழ்ச்சி நடுவே ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் சுருதி மாறாது.

கீபோர்டு: மேல் ஐந்து கம்பிகளும் ஒரு முழு சுரம் இறங்கியிருப்பதால், கிட்டார்காரர் ஏ மைனர் வடிவம் பிடித்தால் கேட்பது ஜி மைனர். தடித்த மூன்று கம்பிகளையும் ரெண்டாவது ஃப்ரெட்டில் ஒரே விரலால் அழுத்தினால் டி பவர் கார்டு. பாட்டை டி மைனரில் வையுங்கள், ரிஃப்புக்கு வசதி. கீபோர்டுக்காரர் உண்மையான சுரத்தைப் பார்த்து டி மைனரிலேயே வாசிக்கட்டும். டிரான்ஸ்போஸை மைனஸ் ரெண்டில் வைத்துவிட்டு அடுத்த பாட்டுக்கு மாற்ற மறந்தால், வரவேற்புப் பாடல் முழுக்க அபஸ்வரம்தான்.